எழுத்து இடறும் இடங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் தட்டச்சுச் செய்வதும் புரூவ் பார்ப்பதும் என் தொழில். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, 31ஆம் நாள் நினைவு மலர், சங்கங்களின் ஆண்டறிக்கை, யாராவது சொந்தக் காசில் போடும் சிறுகதைத் தொகுதி என எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "அண்ணன், ஏதோ சரியில்ல, ஒருக்காப் பாருங்க." என்ன சரியில்லை என்று அவர்களுக்குப் பிடிபடாது. பிடிபட்டிருந்தால் அவர்களே திருத்தியிருப்பார்கள்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எங்கள் மாமா வெள்ளாண்மை செய்தவர். பயிர் மஞ்சளித்துவிட்டது என்று யாராவது மருந்துப் போத்தலோடு வயலுக்குள் இறங்கினால், "முதல்ல வாய்க்காலப் போய்ப் பாருடா" என்று சத்தம் போடுவார். தண்ணீர் வடியாமல் நின்று வேர் கெட்டாலும் மஞ்சளிப்பது இலைதானே. வாக்கியம் நொண்டுகிறது என்றதும் நம் ஆட்கள் சொல்லை மாற்றுகிறார்கள், இன்னும் கனமான சொல் தேடுகிறார்கள். அது இலைக்கு மருந்தடிப்பது. கோளாறு பல நேரம் எழுத உட்காரும் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

கீழே உள்ளவை என்னிடம் வரும் முறைப்பாடுகள், அநேகமாக வந்தவர்களின் வாய்ச்சொல்லிலேயே. வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்கள் கோளாறு எதுவோ அங்கே போங்கள்.

"தொடக்கமே வரமாட்டேன் என்கிறது"

இதில் இரண்டு வகை. வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது ஒன்று. மூன்று பந்தி எழுதியும் விஷயம் இன்னும் தொடங்காமல் இருப்பது மற்றது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: யாருக்குச் சொல்கிறோம் என்று எழுதுபவர் தீர்மானிக்கவில்லை. ஊருக்கே சொல்வதாக நினைத்தவுடன் குரல் மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொள்கிறது.

சோதனை சுலபம். முதல் பந்தியைக் கையால் மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் பந்தி வேண்டாம். அடுத்த பந்திக்கும் அதே சோதனை. நான் ஒரு கட்டுரையில் நான்காம் பந்திவரை கையை இறக்கியிருக்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பி தன் தகப்பனின் நினைவு மலருக்கு எழுதிக்கொண்டு வந்தார். தகப்பன் வாவியில் மீன்பிடித்தவர். கட்டுரை "மீன்பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பின்கண் எழில்கொஞ்சும் வாவியோரம் அமைந்துள்ள" என்று புறப்பட்டது. ஐந்து வரி ஓடியும் தகப்பன் பிறக்கவில்லை. தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பா காலையில எழும்பினா என்ன செய்வார்?" என்று கேட்டேன். தம்பி யோசிக்கவேயில்லை. "வெள்ளாப்பில தோணியடிக்குப் போவார். ஒரு சிறங்கை தண்ணி அள்ளி வாயில விட்டுத் துப்புவார். உப்பு எப்பிடி எண்டு பாத்துத்தான் எந்தப் பக்கம் வலை போடுற எண்டு முடிவெடுப்பார்."

மாரி மழையில் வாவியின் உப்புக் குறையும். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் ஏறும். உப்பு மாறினால் மீன் இடம் மாறும். அந்த மனிதர் அதை நாக்கால் அளந்திருக்கிறார். கட்டுரையை அந்தச் சிறங்கைத் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

பக்கத்தில் இப்படிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் கைபேசி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு மச்சானுக்கோ மச்சாளுக்கோ வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதுபோல் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊரைத் தெரிந்தவராக, ஆனால் அந்தச் சம்பவத்தைப் பார்க்காதவராக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்று விளக்கவேண்டியதில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று விளக்கத்தான் வேண்டும். பிறகு பதிவைப் போட்டுக் கேளுங்கள். உங்கள் குரல் எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறதோ அதுதான் தொடக்கம். அதற்கு முன்னால் நீங்கள் சொன்னதெல்லாம் தொண்டையைச் செருமியது.

"எங்கேயோ வாசித்ததுபோல் இருக்கிறதாம்"

நான் அதிகம் காணும் நோய் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சோதனை: உங்கள் கட்டுரையில் ஊர்ப்பெயர் வரும் இடத்தில் மன்னார் என்றோ தஞ்சாவூர் என்றோ மாற்றிப் போட்டு வாசியுங்கள். வாக்கியம் ஆடாமல் அசையாமல் நின்றால் அது உங்கள் ஊரைப் பற்றிய வாக்கியமே இல்லை. "நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமைந்த, வந்தாரை வாழவைக்கும்" என்பது எந்த ஊருக்குத்தான் பொருந்தாது? தன் ஊரில் நீருமில்லை நிலமுமில்லை, வந்தவனை விரட்டுவோம் என்று இதுவரை யாரும் மலர் வெளியிட்டதில்லை.

பாடும் மீனையே எடுங்கள். நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது நம் ஊர்ப்பேச்சு. அதை எழுதுபவர்களில் எத்தனை பேர் காதை வைத்திருக்கிறார்கள்? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே வந்தார். இரவில் தோணியில் போய்க் கேட்டார். 1859 இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் அந்த ஒலியை விவரிக்கும்போது, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வுபோல என்கிறார். ஒரே நீண்ட ஓசையாக இல்லாமல் தெளிவான பல சின்ன ஒலிகளாகக் கேட்டது என்றும் சொல்கிறார். மீனவர்கள் அதை ஊரி என்ற நத்தை வகையின் சத்தம் என்று சொன்னதையும் விடாமல் குறித்துக்கொண்டார். எங்கிருந்தோ வந்தவர் தண்ணீருக்குப் போய்க் காதைக் கொடுத்திருக்கிறார். இங்கேயே பிறந்த நாம் தேன் என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்.

நானும் ஒருமுறை போனேன். அன்றைக்கு நல்ல காற்று. பாலத்தில் போன மோட்டார்சைக்கிள்களின் சத்தம்தான் கேட்டது. நான் எழுதுவதென்றால் அதைத்தான் எழுதவேண்டும்.

இன்னொன்று. ஒரு மாணவியின் சிறுகதையில், கல்லடி வீட்டுத் திண்ணையில் இருக்கும் நாயகி வாவிக்கு மேலே சூரியன் உதிப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கல்லடிக்கு வாவி மேற்கே இருக்கிறது. சூரியன் கடல்பக்கம் எழுந்து வாவிப்பக்கம் படும். எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்துத்தான் வைத்தார்கள். பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும், நடையும் அழகு. அந்தச் சூரியன் மட்டும் வேறு யாருடைய கதையிலிருந்தோ எழுந்துவந்துவிட்டது. திருத்தச் சொன்னதும், உதயத்தை அஸ்தமனமாக்கினால் பெருமூச்சுக்கு இன்னும் பொருத்தம் என்று அவளே கண்டுபிடித்தாள்.

இதற்கு அகராதியில் மருந்து கிடையாது. எழுதப்போகும் இடத்துக்கு ஒருமுறை போங்கள். வீட்டில் இருந்துகொண்டு தெரிந்திருக்க முடியாத மூன்று விஷயங்களைக் கொண்டுவாருங்கள்: ஒரு ஓசை, ஒரு எண், யாரோ சொன்ன ஒரு வசனம். திருவிழாவைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு சுண்டு கச்சான் (நிலக்கடலை) இப்போது என்ன விலை என்பதும் எண்தான். மூன்றில் ஒன்றையாவது பயன்படுத்திவிட்டு எழுதியதை வாசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் "எழில்கொஞ்சும்" தானாகவே கூசத் தொடங்கும்.

"நிறையப் புகழ்ந்திருக்கிறேன், ஆனாலும் ஆள் தெரியவில்லை"

சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய மாணவர் கட்டுரைகளில் இதைப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் "முத்தமிழ் வித்தகர்" ஆறேழு முறை வரும். 1892 இல் காரைதீவில் பிறந்தார் என்பது வரும். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் வராது.

பட்டங்களையும் பெயரடைகளையும் பென்சிலால் வெட்டிவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். வினைச்சொற்கள் மிஞ்ச வேண்டும். அவர் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களின் வரிகளிலிருந்து மீட்க முயன்றவர், சுரங்களின் கணக்கை எண்ணாகவே போட்டுக் காட்டினார். அந்த ஆராய்ச்சியான 'யாழ் நூல்' வெளிவந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இந்த நான்கு வாக்கியத்துக்கு முன்னால் வித்தகர் என்ற சொல் தேவையா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர், ஓய்வுபெறும் அதிபர், இறந்துபோன பாட்டி என யாரைப் பற்றி எழுதினாலும் இதே வேலைதான்.

"வாசித்தால் மூச்சு வாங்குகிறது"

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை வாசகர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு சாமான் என்றால் ஏந்துவார். ஏழு சாமான் என்றால் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பாடசாலைச் சஞ்சிகை ஒன்றுக்கு வந்த வாக்கியம் இது: "எமது பாடசாலையின் நீண்டகாலக் குறைபாடாக இருந்து வந்த குடிநீர்ப் பிரச்சினையானது பெற்றோர், பழைய மாணவர்கள் மற்றும் நலன்விரும்பிகளின் அயராத முயற்சியினால் உரிய கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டு அதற்கான நிதி திரட்டப்பட்டு கிணறு அமைக்கப்பட்டு மாணவர்களின் பாவனைக்காகக் கையளிக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரிய விடயமாகும்."

எழுதிய ஆசிரியரிடம் கிணறு வருமுன் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பதிலையும் சேர்த்து இப்படி மாற்றினோம்: "பள்ளிக்கூடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருவார்கள். இடைவேளைக்கு முன்பே அது முடிந்துவிடும். பெற்றோரும் பழைய மாணவர்களும் காசு சேர்த்துக் கிணறு வெட்டிக்கொடுத்தார்கள்." மகிழ்ச்சி என்ற சொல் போய்விட்டது. மகிழ்ச்சி போகவில்லை.

சத்தமாக வாசிப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல கருவியை நான் அறியேன். வட்டக்களரியில் ஆடிக்கொண்டே பாடும் கூத்தனைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு மூச்சு முடியும் இடத்தில் வரியும் முடியவேண்டும். பிற்பாட்டுக்காரர் அந்த வரியை வாங்கிப் பாடும் நேரத்தில்தான் அவன் மூச்சை மீட்டுக்கொள்கிறான். உங்கள் உரைநடையிலும் ஒரு நீண்ட வாக்கியத்துக்குப் பிறகு ஒரு குட்டி வாக்கியம் வந்தால் வாசகருக்குப் பிற்பாட்டுக் கிடைத்த மாதிரி. எச்சங்கள் மூன்றுக்குமேல் அடுக்கியிருந்தால், ஒன்றை முற்றாக்கி அங்கே புள்ளி வையுங்கள்.

வெட்டும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். "கல்லடிப் பாலத்தைக் கடந்து மழை பிடித்துக்கொண்டது" என்று எழுதினால் பாலத்தைக் கடந்தது மழைதான். எச்சத்துக்கும் முற்றுக்கும் ஆள் ஒருவராக இருக்கவேண்டும். "கடந்ததும்" என்று சொல்லின் வாலைத் திருப்பினால் மழை மேலே போய்விடும், நீங்கள் நனைவீர்கள்.

"யார் செய்தது என்றே விளங்கவில்லை"

வழங்கப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது, மேற்கொள்ளப்பட்டது. ஆண்டறிக்கை ஒன்றை எடுத்தால் பக்கம் பக்கமாக வேலை நடந்திருக்கும், ஆளைக் காணக்கிடைக்காது. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் வந்தன. ஆங்கிலத்தில் எழுதி அப்படியே தமிழாக்கிய செயற்திட்ட அறிக்கைகளும் கூடவே வந்தன. அந்த நடையைப் பார்த்து எழுதப் பழகியவர்கள் இன்றைக்குச் சங்கச் செயலாளர்கள்.

ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் 'பட்டது'க்கு அதைவிட மூத்த ஒரு காரணம் இருக்கிறது. யுத்தகாலத்தில் எழுவாய் ஆபத்தான சங்கதி. "சுட்டார்கள்" என்று எழுதினால் யார் என்ற கேள்வி வெளியே வந்து நிற்கும். "சுடப்பட்டார்" என்று எழுதினால் கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அப்படி எழுதியும் பேசியும்தான் பலர் உயிர்தப்பினார்கள். அந்தப் பழக்கம் கையில் இறங்கிவிட்டது. இப்போது விதவைகளுக்குத் தையல் இயந்திரம் கொடுத்த செய்தியிலும் கொடுத்தவர் ஒளிந்துகொள்கிறார்.

சோதனை: ஒவ்வொரு 'பட்டது'க்கும் முன்னால் "யாரால்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அந்த ஆளை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். தெரியாவிட்டால் விசாரித்துப் பாருங்கள். விசாரித்தும் கிடைக்காவிட்டால்?

ஒரு தாய் குடும்ப மலர் ஒன்றுக்குப் பெயர்ப்பட்டியல் கொண்டுவந்திருந்தார். மூத்த மகனின் பெயருக்குக் கீழே "1990 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று இருந்தது. என்னிடம் வேலை பழகிய பையன், நான் சொல்லிக்கொடுத்த விதிப்படி, அந்த 'பட்டவரை' வட்டம்போட்டு "யாரால்?" என்று ஓரத்தில் எழுதிவிட்டான். நான் அதை அழிறப்பரால் அழித்தேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே ஆள் இல்லாததுதான் அவர் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம்.

அதே கிழமை ஒரு சங்கத்தின் அறிக்கையில் "மீதி நிதி ஏனைய தேவைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது" என்று வந்தது. பையன் அதற்கும் வட்டம்போட்டான். நான் அழிக்கவில்லை. செயலாளர் தாளை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத் தந்தார். அந்த வரியே காணாமல் போயிருந்தது.

"பாத்திரங்கள் பேசினால் சினிமாபோல் இருக்கிறது"

கொக்கட்டிச்சோலைக் கிழவர் "என்னப்பா சொல்றே, எனக்கு ஒண்ணுமே புரியலையே" என்கிறார். காரணம் தொலைக்காட்சியில் வரும் தமிழ்நாட்டுப் பேச்சு. இதற்குப் பயந்து சிலர் எல்லா வார்த்தையையும் வட்டார உச்சரிப்பில் எழுதிவிடுகிறார்கள்; அது வாசிக்க முள்ளாக இருக்கும். ஒரு பேச்சில் இரண்டு சொல் போதும். ஒரு "மறுகா" (பிறகு), ஒரு "கிறுகி" (திரும்பி) சரியான இடத்தில் விழுந்தால் ஆள் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். மிச்சம் வாக்கியத்தின் வளைவில் வரவேண்டும். கல்முனை பஸ்ஸில் ஜன்னல்பக்கம் உட்கார்ந்து, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பின் இருக்கைக்காரர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு போங்கள். முழுக்கதையும் வேண்டாம், ஒருவர் பேச்சை எப்படி முடிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

உறவுமுறைச் சொற்களில் ஏமாறாதீர்கள். அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி. சாய்ந்தமருது முஸ்லிம் பெண் ஒருத்தி தன் தமையனை "அண்ணா" என்று கூப்பிடும் கதை ஒன்று என்னிடம் வந்தது. நான் கவனிக்கவில்லை. கலியாணக் கார்டு அடிக்க வந்து பக்கத்தில் காத்திருந்த ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) எட்டிப் பார்த்து, "காக்கா எண்டெல்லோ வரணும்" என்று சொல்லிவிட்டுத் தன் கார்டைப் பார்க்கத் தொடங்கினார். எழுதியவர் அடுத்த ஊர்க்காரர்தான்.

"எழுத்துப்பிழை போகவே மாட்டேன் என்கிறது"

இது சின்ன நோய், மருந்தும் சின்னது. கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வாக்கியமாக வாசியுங்கள். கதையின் ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் எழுத்தைப் பார்க்கும்.

சந்திக்கு முழு இலக்கணமும் வேண்டாம். ஐயும் கு-வும் முதலில் சரியாகட்டும், அவற்றுக்குப் பின் ஒற்று மிகும்: வலையைப் போட்டான், ஊருக்குப் போனான். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், போன காலம். இவ்வளவு தெரிந்தாலே என் வேலை பெரும்பகுதி குறைந்துவிடும். கீரைக் கடை என்றால் கடை. கீரை கடை என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறீர்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துவைத்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும்போது ஒரு தனி வில்லங்கம் வரும். 'ர்' அடிக்கவேண்டிய இடத்தில் சிலர் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றியபின் "அவர்" என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது ர் அல்ல. கால்மேல் புள்ளியை ஒரேயடியாகத் தேடி மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கவேண்டும். எழுத்தாளருக்கு இது தேவையா என்று கேட்கலாம். 15 வருடக் கவிதைகளைப் பாமினியில் வைத்திருப்பவருக்குத் தேவை.

"சோகமாகத்தான் எழுதினேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை"

1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைப் பற்றி ஒருவர் எழுதினார். "கோரத்தாண்டவம்" இருந்தது, "பேரழிவு" இருந்தது, "சொல்லொணாத் துயரம்" இருந்தது. சொல்லொணாது என்றால் ஏன் ஐயா எழுதுகிறீர்கள் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். அவருடைய தாயிடம் கேட்டுவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த வசனம்: "விடிஞ்சு கதவத் திறந்தா வாவி தெரிஞ்சிது. அதுக்கு முதல் எங்கட வீட்டில இருந்து வாவி தெரியாது." நடுவில் நின்ற தென்னைகள் இல்லை. அதை அந்தத் தாய் சொல்லவும் இல்லை.

எழுதுபவர் முதலில் அழுதுவிட்டால் வாசகருக்கு வேலை இல்லாமல் போகிறது. உணர்ச்சியின் பெயர் வரும் இடங்களை எல்லாம் கோடிடுங்கள். அந்த உணர்ச்சியில் இருந்தவர் அப்போது எதைப் பார்த்தார் என்று கேட்டு, அதை எழுதிவிட்டுப் பெயரை எடுத்துவிடுங்கள்.

"முடிவு சப்பென்று போய்விடுகிறது"

இது புதிய நோயில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களை அடுக்கும்போது இதற்குச் "சென்று தேய்ந்து இறுதல்" என்று பெயர் வைத்துவிட்டார். போகப் போகத் தேய்ந்து செத்துப்போவது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் அதே பட்டியலில்தான் வருகின்றன. என் மேசைக்கு வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு அவர் ஏற்கெனவே பெயரிட்டு வைத்திருக்கிறார்.

நம் கட்டுரைகளில் தேய்மானம் தொடங்கும் சொல் "எனவே". "எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து" என்று வந்தால் எழுதியவருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் முடிவுரைக்குப் புள்ளி (மதிப்பெண்) கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். கடைசிப் பந்தியையும் முதல் பந்தியைப்போலவே கையால் மூடிப் பாருங்கள்.

"திருத்தத் திருத்த மோசமாகிறது"

அப்படியானால் உங்கள் கண் களைத்துவிட்டது. ஒரு இரவு விடுங்கள். பிறகு வேறு ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது; அதற்குமேல் சொன்னால் தேத்தண்ணி கிடைக்காது. பென்சிலைக் கொடுத்து, வாசிக்கும்போது மனம் வேறெங்காவது போன இடத்தில் ஒரு கோடு போடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று விளக்கவேண்டாம், கோடு போதும். ஆளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பண்டிதரைவிட விஷயம் தெரிந்தவர் நல்லது.

வாவி மீனவரின் மகன் என்று சொன்னேனே, அந்தத் தம்பி தன் கட்டுரையின் கடைசிப் பிரதியை வீட்டில் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மா ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாராம். "அவரெங்க துப்பின? முழுங்கிருவார். வாவித் தண்ணியத் துப்பக்கூடா எண்டுவார்."

தம்பி விடியக்காலமே அச்சகத்துக்கு ஓடிவந்தார். அச்சுத் தகடு எடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அந்த ஒரு சொல்லை மாற்றினோம்.